கரைச்சல் என்றால் பாரம் அல்ல

“கொலையோ? ஆரைக் கொல்லப் போறியள்?”

2018 இல் ஒரு வயதான அம்மா தொலைபேசியில் என்னிடம் கேட்டது இது. நான் ரொறன்ரோவில் மருத்துவ மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். வைத்தியர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும், நோயாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்கிற வேலை. பாதி வேலை தொலைபேசியில்தான், ஆளின் முகம்கூடத் தெரியாது. அன்றைய அழைப்பு ஒரு வைத்தியசாலையில் இருந்து வந்தது. அந்த அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. முதல் நாள் இரவு பேத்தியைக் கொண்டு தாதியிடம் “ஒரு ஊசி போட்டு விடமாட்டியளோ” என்று கேட்டிருக்கிறார். அது என்ன ஊசி என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளத்தான் வைத்தியர் என்னை அழைத்திருந்தார். நோவைக் குறைக்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, கனடாவில் சட்டப்படி இப்படியும் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கதைக்க விருப்பமா என்று கேட்டார். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் வருகிற சொல் நாக்கு நுனியில் இருந்தது. கருணைக்கொலை என்றேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா வாய் திறக்கவில்லை. வைத்தியர் எத்தனை விதமாக விளக்கியும் “எனக்கு ஒண்டும் வேண்டாம் பிள்ளை” என்பதுதான் பதில். எட்டு நிமிடத்தில் அழைப்பு முடிந்தது. அவர் உண்மையிலேயே நோவுக்கு மட்டும் ஊசி கேட்டிருக்கலாம். அல்லது அதைத்தான் கேட்டு, என் வாயில் இருந்து கொலை என்ற சொல் விழுந்ததும் பயந்து பின்வாங்கியிருக்கலாம். இன்றுவரை அந்த எட்டு நிமிடம் எனக்குள் அடங்கவில்லை. மொழிபெயர்ப்பில் பிழை விடுவது புதிதல்ல. மாத்திரையின் அளவைப் பிழையாகச் சொன்னால் உடனே திருத்தலாம். ஆனால் ஒரு ஆளுக்கு முன்னால் இருந்த கதவை நான் ஒரு சொல்லால் சாத்தினேனா என்பதை யாரிடம் போய்ச் சரிபார்ப்பது?

தமிழில் நம்மிடம் இருப்பவை இரண்டு சொற்கள். தற்கொலை, கருணைக்கொலை. இரண்டுக்குள்ளும் கொலை இருக்கிறது. கனடாவில் எல்லோரும் சொல்கிற மெயிட் (MAID, Medical Assistance in Dying) என்ற சுருக்கத்தை முதன்முதலில் எழுத்தில் பார்த்தபோது எனக்கு வீட்டு வேலைக்கு வருகிற பெண்தான் நினைவுக்கு வந்தாள். அப்புறம் அலுவலக மொழிபெயர்ப்புச் சொல்லுக்கு மாறினேன்: மருத்துவ உதவியுடனான மரணம். அதில் எதிர்ப்பக்கச் சிக்கல் வந்தது. ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்து, “சாகேக்கை டொக்டர் பக்கத்திலை நிப்பாரோ? நல்ல விசயம்தானே!” என்றார். வைத்தியர் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார் என்று அவர் நினைத்துவிட்டார். முதற்சொல் பயமுறுத்தியது, இரண்டாவது ஏமாற்றியது. இந்த இடத்தில் யாராவது கோப்பெருஞ்சோழனை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். வடக்கிருத்தல் நல்ல சொல்தான். ஆனால் அதில் வைத்தியரும் இல்லை, ஊசியும் இல்லை, படிவமும் இல்லை. மானத்துக்காக உண்ணாமல் இருந்த அரசனின் சொல்லை, மூச்சு முட்டிக்கொண்டு கட்டிலில் கிடக்கிற ஆளிடம் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

இப்போது நான் ஒற்றைச் சொல்லே பாவிப்பதில்லை. முதலில் வைத்தியரிடம் “மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன், இதற்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை, விளக்கிச் சொல்லலாமா” என்று அனுமதி கேட்பேன். பிறகு நோயாளியிடம் வசனமாகச் சொல்வேன்: “நீங்கள் கேட்டால், டொக்டர் உங்கடை நரம்பிலை மருந்து ஏத்துவார். அந்த மருந்தாலை நீங்கள் செத்துப்போவியள். நீங்களாக் கேட்டால் மட்டும்தான்.” கேட்க முரடாக இருக்கும். ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் பிழையாக விளங்கிக்கொண்டதில்லை.

ஒட்சிசன் குழாய்

இனிச் சொல்லப்போகிறவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஐயா என்றே சொல்லிவிட்டுப் போகிறேன், நான் அவரைக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்பு. கதவைத் திறந்ததும் முதலில் கேட்பது ஒட்சிசன் மிசினின் சத்தம். பழைய குளிர்சாதனப் பெட்டி போல ஒரு உறுமல், இடையிடையே ஒரு பெருமூச்சு. அதில் இருந்து புறப்படும் மெல்லிய குழாய் நடைபாதை வழியாக, சாப்பாட்டு மேசைக்குக் கீழால், பேரனின் விளையாட்டுக் கார்களைச் சுற்றிக்கொண்டு வந்து ஐயாவின் மூக்கில் முடியும். வீட்டில் எல்லோரும் அந்தக் குழாயை மிதிக்காமல் நடக்கப் பழகியிருந்தார்கள். ஐயா சோபாவில் முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு முழங்கையையும் ஒரு தலையணையில் ஊன்றியபடி இருப்பார். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். நாலு சொல் சொல்வார், மூச்சு வாங்குவார், அடுத்த நாலு சொல். அவரை மொழிபெயர்க்கும்போது நானும் அறியாமலே நாலு நாலு சொல்லாகப் பேசத் தொடங்கியிருந்தேன்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். விண்ணப்பம், படிவம், கையெழுத்து, முத்திரை எல்லாம் அவருக்கு அத்துப்படி. எனவே இந்த விசயத்தையும் அவர் ஒரு அலுவலகக் கோவையைப் போலவே கையாண்டார். குடும்ப வைத்தியர் நம்மவர். கேட்டதும், “என்ரை மனச்சாட்சிக்கு இது ஒத்துவராது ஐயா” என்று சொல்லிவிட்டார். சொல்லலாம், எந்த வைத்தியரையும் இதைச் செய் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்ராறியோவில் மறுக்கிற வைத்தியர், கேட்டவரை அப்படியே விட்டுவிடவும் முடியாது. செய்யக்கூடிய இன்னொருவரிடமோ ஒரு சேவையிடமோ அனுப்பிவைக்க வேண்டும். சில வைத்தியர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2019 இல் மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுப்பத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. வைத்தியர் அனுப்பாவிட்டாலும், மாகாணத்தின் ஒருங்கிணைப்புச் சேவையைத் தொலைபேசியில் நேரடியாகவே கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. குடும்ப வைத்தியர் மறுத்தால் அவ்வளவுதான் என்று இருந்துவிடுகிறார்கள்.

எழுத்து மூலக் கோரிக்கையில் ஒரு சாட்சி கையெழுத்து வைக்க வேண்டும். முன்பு இரண்டு பேர், 2021 இல் ஒன்றாகக் குறைத்தார்கள். சாட்சி வைப்பவர் அந்த மரணத்தால் எந்த ஆதாயமும் பெறாதவராக இருக்க வேண்டும், எனவே மகள் வைக்க ஏலாது. சம்பளத்துக்குப் பராமரிக்க வருகிறவர் வைக்கலாம். ஐயாவைக் குளிக்க வார்க்க ஒரு தமிழ்ப் பெண் வருவார். அவரிடம் கேட்டபோது அழத் தொடங்கிவிட்டாராம். “ஐயா, சாப்பாடு தீத்துவன், கால் அமத்துவன், என்னவும் செய்வன். இதை மட்டும் என்னட்டைக் கேளாதேங்கோ.” கோயில் கூட்டாளி ஒருவர் பாவம் தனக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். கடைசியில் எதிர்வீட்டு பிலிப்பினோப் பெண் வைத்தார். கத்தோலிக்கர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். கையெழுத்துப் போட்டுவிட்டு ஐயாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனாராம். இப்படிச் சாட்சி கிடைக்காதவர்களுக்குத் தொண்டர்களை ஒழுங்குசெய்து தருகிற அமைப்புகள் இருக்கின்றன என்பது மகளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேர்டன்

கேட்டவருக்குத் தகுதி உண்டா என்று இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பீடு செய்ய வேண்டும். வைத்தியர்களாகவோ, மருந்து எழுதும் தகுதி பெற்ற மூத்த தாதியராகவோ இருக்கலாம். முதலாவதுக்கு ஒரு பெண் வைத்தியர் வீட்டுக்கே வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஐயாவின் கண்மட்டத்துக்கு வரும்படி பேரனின் சின்னக் கதிரையில் உட்கார்ந்தார். மகளை வெளியே போகச் சொன்னார். மகள் தேத்தண்ணி போடுகிற சாக்கில் குசினிக்குள் போனாள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நோயாளி நான் என்றால் மொழிபெயர்ப்பாளரும் நான் என்றே சொல்ல வேண்டும். “அவர் வயிறு நோகிறது என்கிறார்” என்று சொல்லக்கூடாது, “எனக்கு வயிறு நோகிறது” என்றே சொல்ல வேண்டும். வயிற்று நோவுக்கு இது சிரமமில்லை. வைத்தியர், நீங்கள் என்னிடம் என்ன கேட்கிறீர்கள், உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள் என்றார். ஐயா மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: “நான் சாகிறதுக்கு, நீங்கள் மருந்து, தரவேணும்.” அதை நான் ஆங்கிலத்தில் என் வாயால், நான் என்று தொடங்கிச் சொன்னேன். குரல் ஒரு இடத்தில் தடுக்கியது. வைத்தியர் கவனித்திருக்கமாட்டார். ஐயா கவனித்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வைத்தியரின் கேள்விகள் நீண்டன. நோய் எப்படிப் போகிறது, என்ன செய்ய முடியாமல் போயிருக்கிறது, மூச்சுத் திணறலுக்குக் கொடுக்கிற மோர்பின் போதுமா, அதைக் கூட்டலாமே, நோய்த்தணிப்புப் பிரிவில் ஒரு கட்டில் எடுக்கலாமே. இது பேச்சுக்குக் கேட்கிற கேள்வி அல்ல. துன்பத்தைத் தணிக்க இருக்கிற மற்ற வழிகளை எல்லாம் சொல்லியே ஆகவேண்டும் என்பது சட்டம். சாவதற்கு வைத்தியர் உதவலாமா என்ற கேள்வியோடு 1993 இல் கனடாவின் உச்ச நீதிமன்றத்துக்குப் போன நோயாளி சூ ரொட்றிகஸ், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். 2015 பெப்ரவரி 6 அன்று அதே நீதிமன்றம் கார்ட்டர் வழக்கில் ஒருமனதாக மறுபக்கம் திரும்பியது. 2016 ஜூனில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அந்த இருபத்துச் சொச்ச வருட வாதம் முழுவதும் கடைசியில் ஒரு வீட்டுக் கூடத்தில், ஒரு ஆள் என்ன சொல்கிறார், அதைத் தானாகச் சொல்கிறாரா என்ற இரண்டு கேள்விகளில் வந்து நிற்கிறது. ஆள் தமிழில் சொன்னால், அது என் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

ஏன் இப்போது, என்று வைத்தியர் கேட்டார். ஐயா சொன்னார்: “இனிக் காணும். பிள்ளையளுக்கும், கரைச்சல்.”

நான் மொழிபெயர்த்தேன். இனிப் போதும், பிள்ளைகளுக்கு நான் ஒரு பேர்டன் என்று.

வைத்தியரின் பேனா நின்றது. அந்தச் சொல்லுக்காகத்தான் அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். நான் பாரம், நான் சுமை என்று ஒருவர் சொன்னால், யாராவது அப்படி நினைக்க வைத்தார்களா, வீட்டில் நெருக்குதல் இருக்கிறதா என்று தோண்ட வேண்டும். அவர் குரலைத் தாழ்த்தி, உங்களை யாராவது அப்படிச் சொன்னார்களா என்று தொடங்கினார். நான் அதைத் தமிழில் சொல்ல வாய் எடுப்பதற்குள் ஐயா கையை உயர்த்தினார்.

“பிள்ளை, நான் பேர்டன் எண்டு சொல்லேல்லை.”

எனக்கு முகம் சூடேறியது. அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். யோசித்தால் தெரிந்திருக்க வேண்டும், கச்சேரியில் அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில்தானே கோவை எழுதியிருப்பார்.

“கரைச்சல் வேறை, பாரம் வேறை,” என்றார். மூச்சுக்காக நிறுத்தி நிறுத்தி அவர் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். “கரைச்சல் எண்டால் கரைச்சல்தான். என்ரை அம்மாவுக்கு நானும் ஆறு வருசம் கரைச்சல் பட்டனான். பிள்ளையள் எண்டால் படத்தான் வேணும், அது அவையின்ரை முறை. அதுக்காக நான் போகேல்லை. இரவிலை மூச்சு முட்டி எழும்பிறன் பாருங்கோ, தண்ணிக்குள்ளை அமத்திப் பிடிச்ச மாதிரி. அது எனக்குக் காணும். அதைத்தான் முதல் சொன்னனான். பிறகு சொன்னது சும்மா, கதையோடை கதையாச் சொன்னது.”

நான் அதை முழுதாக மொழிபெயர்த்தேன், என் பிழையையும் சேர்த்து. மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன், பேர்டன் என்பது நான் போட்ட சொல், நோயாளி சொன்னது அன்றாடம் பாவிக்கிற இலேசான சொல், தொந்தரவு என்பதற்குக் கிட்டவாக வரும் என்றேன். வைத்தியர் தாளில் எதையோ வெட்டினார். பிறகும் மகளைப் பற்றி, மகனைப் பற்றி, வீட்டுச் செலவைப் பற்றி ஒரு கால்மணி நேரம் கேட்டார், அது அவர் கடமை. ஐயா பொறுமையாகப் பதில் சொன்னார். முடிவில் நான் கேட்காமல் இருக்க முடியவில்லை: இவ்வளவு ஆங்கிலம் தெரிந்தவர் ஏன் மொழிபெயர்ப்பாளர் கேட்டீர்கள்? “கந்தோர் விசயம் இங்கிலிஷிலை எழுதலாம். இதை இங்கிலிஷிலை யோசிச்சுப் பழகேல்லைப் பிள்ளை” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் எனக்கு ஒரே யோசனை. ஐயாவுக்கு ஆங்கிலம் தெரியாமல் இருந்திருந்தால்? பேர்டன் என்ற சொல் அவர் கோவையில் ஏறியிருக்கும். ஒருவேளை வீண் சந்தேகத்தில் அவர் கோரிக்கை இழுபட்டிருக்கும். அல்லது, இதுதான் என்னைக் கூடுதலாக அரித்தது, அந்தச் சொல்லை ஒரு நியாயமான காரணமாக எடுத்துக்கொண்டு யாரும் தோண்டாமலே விட்டிருக்கலாம். மத்திய அரசு வருடாவருடம் அறிக்கை விடுகிறது. 2023 இல் 15,343 பேர் இப்படி இறந்தார்கள், நாட்டில் நடந்த மொத்த மரணங்களில் அது 4.7 சதவீதம். பெரும்பாலானோர் புற்றுநோயாளிகள். என்ன வகைத் துன்பம் என்று வைத்தியர் குறிக்கிற பட்டியலில், குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறேன் என்ற எண்ணமும் ஒன்று, கணிசமானவர்களுக்கு அது குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம், இவற்றில் எத்தனை பாரம், எத்தனை கரைச்சல் என்று எனக்குத் தோன்றும்.

பாரம் என்றே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை. 2021 இல் சட்டத்தை விரித்தார்கள். மரணம் நெருங்காதவர்களும், தாங்க முடியாத தீராத நோயோ இயலாமையோ இருந்தால் கேட்கலாம். குறைந்தது 90 நாள் மதிப்பீடு என்ற பாதுகாப்பு அதற்கு உண்டு. மனநோயை மட்டும் காரணமாகக் கொண்டவர்களுக்கு 2027 மார்ச் 17 வரை ஒத்திவைத்திருக்கிறார்கள். மரணம் நெருங்காதவர்களுக்கான இந்தப் பாதையை நீக்கச் சொல்லி ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2025 மார்ச்சில் கனடாவைக் கேட்டது. என் நிலைப்பாட்டைக் கேட்டால், ஐயாவின் பாதை எனக்கு விளங்குகிறது. மற்றதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. சக்கர நாற்காலி ஏறக்கூடிய வீடு கிடைக்க வருடக் கணக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு, மரணம் 90 நாளில் கிடைக்கும் என்றால், அவர் தானாகத்தான் கேட்கிறார் என்று நான் எந்தக் குரலில் மொழிபெயர்ப்பது? இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். அவர்களுடைய துன்பத்தை நான் அளக்க முடியாது என்பதும் சரிதான்.

சனிப்பிணம்

இரண்டாவது மதிப்பீடும் முடிந்து, தகுதி உண்டு என்று வந்தது. முந்தைய சட்டத்தில் கோரிக்கையில் கையெழுத்து வைத்த நாளில் இருந்து பத்து நாள் காத்திருக்க வேண்டும். மரணம் நெருங்கியவர்களுக்கு இப்போது அது இல்லை. ஆனால் ஐயா அவசரப்படவில்லை. கிட்டத்தட்ட ஆறு கிழமை அப்படியே இருந்தார். மகள் சொன்னாள், தகுதி உண்டு என்று தெரிந்த அன்றிரவுதான் பல மாதத்துக்குப் பிறகு அவர் இருந்தபடியே ஐந்து மணி நேரம் நித்திரை கொண்டாராம். இப்படிக் கையில் வைத்துக்கொண்டே இருந்து, இயல்பாகப் போய்விடுகிறவர்களும் நிறையப் பேர். 2023 இல் கோரிக்கை வைத்தவர்களில் ஏறத்தாழ 2,900 பேர் அந்த ஊசிக்கு முன்பே இறந்தார்கள்.

லண்டனில் இருந்த மகனுக்குத்தான் ஏற்கவில்லை. வீடியோவில் வந்து சத்தம் போடுவாராம். இது தற்கொலை, சனத்துக்கு என்ன சொல்வது, ஐயர் கிரியை செய்வாரோ, காப்புறுதிக் காசு வராதே. காசுக்கு விடை சுலபம். ஒன்ராறியோவில் 2017 இல் செய்த சட்டத்தின்படி இப்படி இறந்ததை மட்டும் காரணம் காட்டிக் காப்புறுதியையோ வேறு உரிமையையோ மறுக்க முடியாது. இறப்புச் சான்றிதழிலும் நோயின் பெயர்தான் வரும். சனத்துக்கு என்ன சொல்வது என்பதற்கு ஐயாவே பதில் வைத்திருந்தார்: “காலமானார் எண்டு போடுங்கோ. அதிலை பொய் ஒண்டும் இல்லையே.” ஐயரைப் பற்றி மகன் பட்ட கவலை வீண். அவர் கேட்டதெல்லாம் இறந்த நேரமும் திதியும் நட்சத்திரமும்தானாம்.

நட்சத்திரம் என்றதும் நாள் பார்த்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. வைத்தியருக்கு வசதியாக இருந்தது ஒரு சனிக்கிழமை. மகள் பதறிப்போனாள். சனிப்பிணம் தனிப்போகாது. வைத்தியரிடம் என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல், வேலை இருக்கிறது என்று சமாளித்தாளாம். அப்புறம் அவிட்டம் முதல் ரேவதி வரை அடைப்பு, அந்த ஐந்து நட்சத்திரத்தையும் தள்ள வேண்டும். வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒரு கணக்கு, திருக்கணிதத்தில் இன்னொரு கணக்கு. பேரனுக்கு ஒரு கணிதச் சோதனை வேறு. எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்து ஒரு வியாழன் காலை பதினொரு மணி தேறியது. “கலியாணத்துக்குக்கூட இவ்வளவு நாள் பார்க்கேல்லை” என்று ஐயா சிரித்தாராம், சிரித்து இருமினாராம்.

இன்னொரு தாளும் இருந்தது. மோர்பின் கூடக்கூட மயக்கம் வரும். குறித்த நாளில் நினைவு தெளிவாக இல்லாவிட்டால், கடைசிச் சம்மதம் சொல்ல முடியாது. சொல்லாமல் வைத்தியர் தொடங்க முடியாது. ஹலிஃபக்ஸில் ஓட்றி பார்க்கர் என்ற பெண் இதற்காகவே 2018 நவம்பர் 1 அன்று, தான் விரும்பியதைவிட முந்திப் போனார். புற்றுநோய் மூளைக்குப் பரவியிருந்தது. இன்னொரு கிறிஸ்மஸ் பார்க்க ஆசை, ஆனால் அதற்குள் தெளிவு போய்விட்டால் உரிமையும் போய்விடும். அவருக்குப் பிறகுதான் 2021 இல், முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் கடைசிச் சம்மதம் இல்லாமலும் செய்யலாம் என்ற விதி வந்தது. அந்தத் தாளை வைத்தியர் நீட்ட, நான் மொழிபெயர்த்தேன். ஐயா வேண்டாம் என்றார். “கடைசியும் நான்தான் சொல்லவேணும். சொல்ல ஏலாட்டில் விடுங்கோ.”

வியாழன் காலை போனபோது வீட்டில் வழக்கத்தைவிடச் சத்தம் குறைவு. மிசின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஐயா குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசியிருந்தார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இரண்டு மிடறு தேத்தண்ணி குடித்தார். மகன் வீடியோவில் இருந்தார், எதுவும் சொல்லவில்லை. வைத்தியரோடு ஒரு தாதியும் வந்திருந்தார். கையில் ஊசி ஏற்றி ஒட்டிவிட்டு, எந்த மருந்துக்குப் பிறகு எது, எவ்வளவு நேரம் என்று வைத்தியர் சொல்லத் தொடங்கினார். முதலில் தூக்கம் வரும், பிறகு சத்திரசிகிச்சையில் கொடுப்பது போன்ற ஆழ்ந்த மயக்கம், பிறகு மூச்சுத் தசை நிற்கும். நான் முதல் வசனத்தை மொழிபெயர்க்கத் தொடங்க, ஐயா விளங்குது என்று தலையாட்டினார். நான் நிறுத்தினேன்.

பிறகு வைத்தியர் அந்தக் கேள்வியைக் கேட்டார். இந்தக் கணத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இன்னமும் இதைத்தான் கேட்கிறீர்களா?

நான் மூச்சை இழுத்தேன். ஐயா எனக்காகக் காத்திருக்கவில்லை. வைத்தியரைப் பார்த்து ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். கச்சேரி ஆங்கிலம், இலக்கணம் பிசகாத முழு வசனம், நாலு நாலு சொல்லாக: ஆம், நான்தான் கேட்கிறேன், என்னை யாரும் கேட்கச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இதை நீர் சொல்லத் தேவையில்லைப் பிள்ளை.”

மகள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாறு நிமிடம் இருக்கும். ஐயா முன்னுக்குச் சாயாமல், பின்னுக்குச் சாய்ந்து படுத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, நேரம் சொன்னார், தாதி எழுதிக்கொண்டார். மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், அதற்காக வைத்தியர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார், போகும்போது குழாயை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்தார். மிசின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் அது கேட்டது, யாரும் போகவில்லை.

மகள் வங்கியில் வேலை செய்கிறவள், என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவாள். வைத்தியர் திரும்பி வந்ததும் அவள் தமிழில், என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“அக்கா, மிசினை நிப்பாட்டட்டே?”

நான் வைத்தியரிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சொன்னதை மகளிடம் தமிழில் சொன்னேன்.

“ஓம், நிப்பாட்டலாம்.”

அவள் எழும்பிப் போய் நிப்பாட்டினாள்.